வார்டில் நம் வாயிலிருந்து வெளியே போன ரகசியம்: உங்களுக்கும் ஒன்று இருக்கிறதா?

செவ்வந்தி

ஒன்பது வருடம் ஆகிறது, இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பிரசவ வார்டு, காலை ஹேண்ட் ஓவர், அதாவது நைட் டியூட்டி அடுத்த டியூட்டிக்கு நோயாளிகளை ஒப்படைக்கிற நேரம். எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும், பெட் பெட்டாக நின்று சொல்லிக்கொண்டே போவோம். நைட் பார்த்த களைப்பில் நான், "பன்னிரண்டாம் பெட், ப்ரைமி, சிசேரியன் இரண்டாம் நாள், ரெட்ரோ பாசிட்டிவ்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டுக்கு நகர்ந்துவிட்டேன். ப்ரைமி என்றால் முதல் பிரசவம், ரெட்ரோ பாசிட்டிவ் என்றால் எச்.ஐ.வி. இருக்கிறது, வார்டு மொழி. மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு என்ன புரியப்போகிறது என்று நினைப்பு. பதினோராம் பெட்டுக்குத் துணையாக வந்த பெண் லேப் டெக்னீஷியன் படித்தவள் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் போனபோது எல்லாம் மாறியிருந்தது. அதற்கு முன்பு வரை மாமியாரும் மருமகளும் ஒரே ஃபிளாஸ்க் மூடியில் மாற்றி மாற்றிக் காபி குடிப்பார்கள். அன்று மருமகளுக்கு மட்டும் பேப்பர் கப். குழந்தை மாமியார் மடியில். அந்தப் பெண் என்னை அருகே கூப்பிட்டு, "சிஸ்டர், நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்றேன். யாரிடமும் போய்ச் சொல்லவில்லை என்பது உண்மை. பத்துப் பேர் காதில் விழும்படி சொன்னேன் என்பதும் உண்மை. அதை அவளிடம் நான் ஒப்புக்கொள்ளவே இல்லை.

ராஜி_திருப்பூர்

என்னுடையது கையெழுத்து விஷயம். ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்த ஒடியா பெண், இருபது வயதுகூட இருக்காது. லேபர் ரூமில் வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். எல்லாப் படிவங்களும் தமிழில். அவற்றை அடுக்கி வைத்து, அவள் கட்டை விரலை ஸ்டாம்ப் பேடில் தேய்த்து அழுத்தியது நான்தான். ஐந்து இடம். அதில் ஒன்று கருத்தடைக்குக் காப்பர் டி வைக்கச் சம்மதம்.

நாற்பது நாள் கழித்து உதிரப்போக்கு நிற்கவில்லை என்று ஓபிக்கு வந்தாள். நூல் தெரிகிறது என்றார் டாக்டர். அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. மொழி தெரிந்த ஆள் வேண்டுமே என்று வெளியே நின்ற மில் சூப்பர்வைசரை உள்ளே கூப்பிட்டேன். அவர் காப்பர் டி, மாதவிலக்கு, எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிச் சொல்லிக் கேட்டார். அவள் துப்பட்டாவை இழுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டாள். அந்த மூடின முகம்தான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. முதலில் அவளைக் கேட்காமல் வைத்தோம், அப்புறம் அவளுக்குச் சம்பளம் போடுகிற ஆளிடமே அதைத் திறந்து காட்டினோம். போனில் பேசி மொழிபெயர்க்க ஒரு ஒடியா பெண்ணைத் தேடியிருக்கலாம். பத்து நிமிடம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்

செவ்வந்தி, உன்னை நீயே இப்படிக் குத்திக்கொள்ளாதே. 34 வருடம் சர்வீஸ் பார்த்தவள் சொல்கிறேன். நாற்பது பெட்டுக்கு இரண்டு ஸ்டாஃப். ஒவ்வொருவரையும் தனியே கூப்பிட்டு காதோடு ஹேண்ட் ஓவர் கொடுக்க முடியுமா? ரெட்ரோ என்று சொல்லாமல் விட்டு, அடுத்த டியூட்டிக்காரிக்கு ஊசி குத்தினால் யார் பொறுப்பு? என் கூட வேலை பார்த்தவளுக்கு அப்படிக் குத்தியது. மூன்று மாதம், ரிசல்ட் வரும்வரை, தன் பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டமாட்டாள். நோயாளியின் ரகசியம் பெரிதுதான். வேலை பார்க்கிறவள் உயிரும் பெரிதுதானே?

நம்பிக்கை மையம் கவுன்சிலர்

அம்மா, நீங்கள் மூத்தவர், உங்கள் தோழியின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் இதை அப்படியே விட முடியாது. ரெட்ரோ என்று யார் மேல் எழுதியிருக்கிறதோ அவருக்கு மட்டும் கையுறை போட்டால், தொற்றி சில வாரமே ஆகி டெஸ்டில் நெகட்டிவ் காட்டுகிறவரிடம் மாட்டிக்கொள்வோம். எல்லோர் ரத்தத்தையும் ஒரே மாதிரி நினைத்து வேலை செய்தால் அந்த வார்த்தைக்கே தேவையில்லை. ஊசி குத்தினால் சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவி, முடிந்தவரை சீக்கிரம், மிஞ்சிப் போனால் 72 மணி நேரத்துக்குள், தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும். 28 நாள் சாப்பிட வேண்டும். உங்கள் தோழிக்கு அன்று இதெல்லாம் கிடைத்திருக்காது, இன்று கிடைக்கிறது.

அப்புறம் சட்டம். எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 2017-இல் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. பரிசோதனைக்கே சம்மதம் வேண்டும், முடிவை இன்னொருவருக்குச் சொல்ல எழுத்து மூலம் சம்மதம் வேண்டும். கணவன் அல்லது மனைவிக்குச் சொல்வதென்றாலும் டாக்டரோ கவுன்சிலரோதான் சொல்லலாம், அதற்கும் நிபந்தனைகள் இருக்கின்றன. ஸ்டாஃப் சொல்லக் கூடாது. மாமியாருக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. தாயிடமிருந்து தொற்றாமல் இருக்கக் குழந்தைக்குக் கொடுக்கும் நெவிரபின் சிரப்பை எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லி நீட்டாதீர்கள். தாயைத் தனியே அழைத்து, அளவு சொல்லி, யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது என்பதையும் அவளோடு பேசி வையுங்கள். கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதுவதையும் நிறுத்துங்கள், தள்ளி நிற்கிறவருக்கும் அது தெரியும்.

என் கதை சின்னது. ஒரு அம்மா எங்கள் எச்.ஐ.வி. பரிசோதனை, ஆலோசனை மையத்துக்கு வந்து, "என் மருமக இங்க வர்றாளா?" என்று கேட்டார். இங்கே வருகிறவர்களைப் பற்றி யாரிடமும் சொல்ல மாட்டோம் என்றேன். சொல்வதற்கு முன் கொஞ்சம் தயங்கிவிட்டேன். அந்தத் தயக்கத்திலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. அவர் எழுந்து போன வேகம் இன்னும் நெஞ்சை அடைக்கிறது. இப்போது யார் யாரைப் பற்றிக் கேட்டாலும், வராதவரைப் பற்றிக் கேட்டாலும், அதே வாக்கியத்தை உடனே சொல்லப் பழகிக்கொண்டேன்.

தஞ்சைக்காரன்

நான் நர்ஸ் இல்லை, நோயாளியின் மகன். அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். "அவர்கிட்ட சொல்லிடாதீங்க, தாங்க மாட்டார்" என்று வார்டில் எல்லோரிடமும் கெஞ்சி வைத்திருந்தேன். நம் வீடுகளில் அதுதானே வழக்கம். ஒரு நாள் டிரிப் மாற்ற வந்த சிஸ்டரிடம் அப்பா, "எனக்கு என்னம்மா வந்திருக்கு?" என்று கேட்டுவிட்டார். நான் பின்னால் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தச் சிஸ்டர் என்னைப் பார்க்கவே இல்லை. கட்டில் ஓரம் உட்கார்ந்து, "அய்யா, உங்களுக்குத் தெரிஞ்சுக்கணுமா?" என்று கேட்டார். அப்பா தலையசைத்தார். "டாக்டரை நானே கூட்டிட்டு வர்றேன், கூடவே இருக்கேன்" என்று எழுந்து போனார்.

அன்று அவர் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம், புகார் எழுதப் பேனாவே எடுத்துவிட்டேன். டாக்டர் சொல்லி முடித்ததும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "குறுவை அறுப்பு வரைக்கும் இருப்பேனா?" அப்புறம் என் தங்கை பேருக்கு எழுத வேண்டிய நிலத்தைப் பற்றிப் பேசினார். பத்திரம் பதிந்து பதினெட்டாம் நாள் போய்விட்டார். அந்தச் சிஸ்டரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ரகசியம் என்றால் வெளியாளிடமிருந்து மறைப்பது என்றுதான் நினைத்திருந்தேன். நாங்கள் அவருடைய விஷயத்தை அவரிடமிருந்தே மறைத்து வைத்திருந்தோம்.

பெயர் வேண்டாம்

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 2022 கடைசி. ஓபியில் ஒரு கல்லூரிப் பெண், பத்தொன்பது வயது, கருவைக் கலைக்க வேண்டும் என்று தனியாக வந்தாள். நான் எல்லோரையும் கேட்பது போலக் கேட்டேன்: "கல்யாணம் ஆயிடுச்சா? கூட யார் வந்திருக்கா? அம்மாவைக் கூட்டிட்டு வா." வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் ஓபி சீட்டை நாலாக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, "சரிக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வரவில்லை. வேறு நல்ல இடத்துக்குப் போயிருப்பாள் என்று நினைக்கப் பார்க்கிறேன். நர்சிங் படிக்கும்போது விளக்கேற்றும் விழாவில், மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு, பணியில் தெரியவரும் சொந்த விஷயங்களைக் காப்பேன் என்று உறுதிமொழி சொன்ன கைதான் இது.

ராஜி_திருப்பூர்

பெயர் வேண்டாம் அக்கா, பதினெட்டு வயது நிரம்பியிருந்தால் அவள் சம்மதம் மட்டும் போதும். 1971 கருக்கலைப்புச் சட்டத்திலிருந்தே அப்படித்தான். 2021 திருத்தத்துக்குப் பிறகு அவள் பெயரை வெளியே சொல்வதே குற்றம், ஒரு வருடம் வரை சிறை. ஆனால் "கூட வந்தவர் கையெழுத்து" என்பது நம் கையிலேயே ஊறிவிட்டது. 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு ஒன்று. டெல்லியில் 44 வயதுப் பெண், வயிற்றுக்குள் கருவி விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்கத்தில் இருந்தார். வெளியே இருந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கி அவருடைய கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். அம்மாவின் கையெழுத்து மகளின் சம்மதம் ஆகாது என்றது நீதிமன்றம். எங்கள் வார்டில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்

கவுன்சிலர் அம்மா சொன்னதைப் படித்தேன். கையுறைகூட எண்ணி எண்ணிக் கொடுத்த காலத்தில் பழகியவள் நான். சரி, ஏற்றுக்கொள்கிறேன். செவ்வந்தி, அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனாள்?

செவ்வந்தி

சிஸ்டர், அதற்கப்புறம் எங்கள் வார்டில் ஹேண்ட் ஓவரை டியூட்டி ரூமில் கதவைச் சாத்திவிட்டுக் கொடுக்கிறோம். பெட் அருகே தையல், டிரிப், யூரின் பேக் மட்டும். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகிறது.

அந்தப் பெண் ஏழாம் நாள் டிஸ்சார்ஜ் ஆனாள். மாமியார் பில் கவுண்டரில் நின்ற நேரத்தில் என்னிடம் வந்து, "இந்தப் பேப்பரை மட்டும் ஒட்டிக் குடுங்க சிஸ்டர்" என்றாள். டிஸ்சார்ஜ் சம்மரி. ஒரு கவரில் போட்டு, மைக்ரோபோர் பிளாஸ்திரியால் நான்கு பக்கமும் ஒட்டினேன். அதற்கு மேலும் ஒரு சுற்று ஒட்டினேன். அவள் அதைக் குழந்தையைச் சுற்றிய துணிக்குள் செருகிக்கொண்டு வெளியே நடந்தாள்.