மறு: மறு: ‘பாங்க்’ – கிறக்கம் என்றே வைத்துவிடலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஒரு வாரமாக இந்த இழையைப் படித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நீண்ட தூரம் சைக்கிள் மிதிக்கிறவன் உடம்பில் சேர்த்து வைத்த ஆற்றல் தீர்ந்து திடீரென்று ஓய்ந்துபோவதை ஆங்கிலத்தில் ‘பாங்க்’ (bonk) என்கிறார்கள், அதற்கு என்ன தமிழ்ச் சொல் என்பதுதான் நம் கேள்வி. புதிதாக ஓட்ட வருகிறவர்களுக்கான நம் துண்டறிக்கை அச்சுக்குப் போகும் நாள் நெருங்கிவிட்டது. இனியும் சும்மா இருந்தால் ‘பாங்க்’ என்றே அச்சாகிவிடும். முதல்முறையாக 200 கிலோமீட்டர் பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஓட்ட வருகிற நம் மாவட்டத்துப் பிள்ளைகள் அதை வங்கி என்று படிப்பார்கள். ‘போங்க்’ என்று திருத்தினாலும் தப்ப முடியாது, போங்கு என்றால் கள்ளாட்டம்.

> ஆற்றலிழப்பு போதும். எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் பக்கத்திலேயே நீரிழப்பு இருக்கிறதே? ஆரல்வாய்மொழிக் காற்றில் பின்னால் வருகிறவன் கத்தினால் நம் காதில் விழுவது ‘...ழப்பு’ மட்டும்தான். தண்ணீர் கொடுப்பதா, பழம் கொடுப்பதா?

> சர்க்கரைச் சரிவு

நம் வீடுகளில் ‘சுகர் இறங்கிடுச்சு’ என்பது ஊசியோ மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்களைப் பற்றிய பேச்சு. இருபது வயதுப் பையனிடம் உனக்குச் சர்க்கரைச் சரிவு என்றால் அவன் அம்மா மறுநாளே சைக்கிளைப் பூட்டி வைத்துவிடுவார்.

> சுவரில் மோதுதல்

இது மாரத்தான் ஓடுகிறவர்களின் ஆங்கிலப் பேச்சு. ‘வள்ளியூர் தாண்டிச் சுவரில் மோதிவிட்டேன்’ என்று வீட்டுக்குப் போன் செய்து பாருங்கள். ஆம்புலன்ஸோடு வருவார்கள்.

கிளைக்கோஜன் (உடம்பு சேர்த்து வைக்கும் மாவுச்சத்து) வறட்சி என்று எழுதியவர் சொன்னது உள்ளதை உள்ளபடி. ஆனால் ஒரு விஷயத்தை மறந்துவிட்டோம். இந்தச் சொல்லைச் சொல்லப் போகிறவன் அந்த நேரத்தில் மூளைக்குக் குளுக்கோஸ் போதாமல் நிற்கிறவன். அவன் வாயில் கிளைக்கோஜன் வராது.

எனக்கு வரவில்லை. இரண்டு வருஷம் முன்னால் ஓர் ஆடி மாதம். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். போகும்போது மேல்காற்று முதுகில் தள்ள, பறந்து போனோம். திரும்பும்போது அதே காற்று காவல்கிணற்றிலிருந்து நெஞ்சில் கை வைத்தது. காலையில் நாலு இட்லி, வழியில் இரண்டு இளநீர், அவ்வளவுதான் வயிற்றில். முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே கால் கழன்ற மாதிரி ஆகிவிட்டது. வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, பசியும் இல்லை. மிதிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். ஊருக்கு இன்னும் இருபது கிலோமீட்டருக்குள்தான், ஆனால் அந்தக் கணக்கைப் போட எனக்கு முடியவில்லை. கூட வந்த நண்பன் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அவன் நல்லவன், தன் பாட்டிலிலிருந்து ஓ.ஆர்.எஸ். கரைசலை அரை லிட்டர் கொடுத்தான். ஒன்றும் ஆகவில்லை.

ஏன் ஆகவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலில் குளுக்கோஸ் 13.5 கிராம். குடலில் சோடியத்தை உள்ளே இழுத்துக்கொள்ள அந்தச் சர்க்கரை துணைக்குப் போகிறதே தவிர, அது சாப்பாடு இல்லை. அரை லிட்டரில் ஏழு கிராமுக்கும் குறைவு. எனக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது அதைப் போல ஏழெட்டு மடங்கு.

சாலையோரம் டீக்கடை வைத்திருந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். “என்ன மக்கா, கிறங்கிட்டியா? ஒண்ணும் தின்னாமலா இவ்வளவு தூரம் சவுட்டுன?” என்று கேட்டுக்கொண்டே மூன்று பழமும், கருப்பட்டி தூக்கலாகப் போட்ட ஒரு காப்பியும் கையில் கொடுத்தார். கால் மணி நேரத்தில் உலகம் திரும்ப வந்தது. நண்பனிடம் மன்னிப்புக் கேட்டேன்.

நாம் ஒரு வாரமாகத் தேடுகிற சொல்லை அந்த அம்மா யோசிக்காமல் சொல்லிவிட்டார். கிறங்கு, கிறக்கம். ‘பசியில கிறங்கிப் போச்சு’ என்று நம் ஆச்சிகள் எல்லோரும் சொல்வதுதானே? (சவுட்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ‘பெடலிங்’ விவாதம் வரும்போது அதற்காகவும் சண்டை போடுவேன்.)

உடம்புக்குள் நடப்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன், அறிக்கைக்கும் பயன்படும். தசைகளில் 400, 500 கிராம், கல்லீரலில் ஏறக்குறைய 100 கிராம் மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேர்ந்து கிடக்கிறது. மொத்தம் 2000 கலோரி சொச்சம். நம் ஊர்க் குளம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஓடும் சர்க்கரை வாய்க்கால் தண்ணீர், அதை எப்போதும் ஒரே அளவில் வைத்திருப்பது கல்லீரல் என்னும் குளம். தசைக் குளத்துக்கு மடை வெளியே கிடையாது, அந்தத் தசையே பயன்படுத்திக்கொள்ளும். கல்லீரல் குளம் அடி தெரிய வற்றினால் கடைமடையில் இருக்கிற மூளை வாடுகிறது. கொழுப்பு ஏராளமாக இருக்கிறதே என்றால், இருக்கிறது, ஆனால் எதிர்காற்றில் மிதிக்கிற வேகத்துக்கு அது எரிந்து தராது. 1924 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்துத் தளர்ந்தவர்களின் ரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரை மிகவும் குறைந்திருந்தது. மறு ஆண்டு ஓடும்போதே மிட்டாய் தின்னக் கொடுத்தார்கள், அந்தத் தளர்ச்சி வரவில்லை. டீக்கடை அம்மாவின் வைத்தியம்தான்.

மற்ற மொழிக்காரர்களும் இதற்குப் பசியைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கு ஃப்ரேங்கால், டச்சுக்காரர்களுக்கு ஹோங்கர்க்ளாப், ஜெர்மானியர்களுக்கு ஹுங்கராஸ்ட். எவரும் கிளைக்கோஜனைத் தொடவில்லை.

ஆகவே என் முன்மொழிவு: பெயர்ச்சொல் கிறக்கம், வினை கிறங்கு. ‘பணகுடியில் கிறங்கிட்டேன்.’ எதிர்ப்பு இருந்தால் சொல்லுங்கள்.

———

தம்பி,

எதிர்ப்பு இருக்கிறது. தமிழ் வாத்தியாராக இருந்தவன் சும்மா விடுவேனா?

முதலாவது, சினிமாப் பாட்டில் காதலி கண்ணைப் பார்த்தாலும் கிறக்கம், கள்ளு குடித்தாலும் கிறக்கம். இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு சொல்லுக்கு நாலு வேலை இருப்பது சொல்லுக்கு இழுக்கில்லை.

இரண்டாவதுதான் முக்கியம். தக்கலையில் எந்த ஆஸ்பத்திரி வரிசையில் வேண்டுமானாலும் போய் நின்று பாருங்கள். ரத்த அழுத்தம் குறைந்தவரும் “கிறக்கமா வருது” என்கிறார், வெயிலில் நின்றவரும் அதையே சொல்கிறார், காது நரம்பில் கோளாறு உள்ளவரும் அதையேதான் சொல்கிறார். கிறக்கம் உடம்பு சொல்லும் அறிகுறி, காரணம் அல்ல. ‘ழப்பு’ மட்டும் காதில் விழும் என்று மற்றவரைக் கேலி செய்தீர்கள். உங்கள் சொல் முழுசாகக் காதில் விழுந்தாலும் தண்ணீரா பழமா என்று தெரியாதே? பசிக்கிறக்கம் என்று நீட்டலாம். ஆனால் பசியே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

———

அண்ணாச்சி சொல்வது சரி. நான் மார்த்தாண்டம் பக்கம் வார்டில் வேலை பார்க்கிறவள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிள்.

தண்ணீரா பழமா என்று இரண்டு பேரும் கேட்கிறீர்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது, தண்ணீரே கொடுக்கக் கூடாத கிறக்கம். ‘தாகம் எடுக்கும் முன்னே குடி, குடித்துக்கொண்டே இரு’ என்று யாரோ சொல்லிக் கொடுக்க, மெதுவாகப் போகிற புதியவர்கள் மணிக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் என்று வெறும் தண்ணீரை ஊற்றிக்கொள்வார்கள். வியர்வையில் உப்பும் போகிறது, ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம் சோடியம், ஆளுக்கு ஆள் கூடும் குறையும். ஆனால் பெரும்பாலும் பிரச்சினை உப்பு போனதைவிடத் தண்ணீர் கூடியது. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டும். 2002 பாஸ்டன் மாரத்தான் முடிவில் ரத்தம் கொடுத்த 488 பேரில் 13 விழுக்காட்டினருக்கு அது 135 அல்லது அதற்கும் கீழே. யாருக்கு வந்தது என்று பார்த்தால், ஓடும்போது எடை கூடியவர்களுக்கு. 42 கிலோமீட்டர் ஓடி எடை கூடுகிறது என்றால் எவ்வளவு குடித்திருப்பார்கள்?

அவர்களுக்கும் தலை கனக்கும், குமட்டும், பேச்சு குழறும். நீரிழப்பு என்று நினைத்து இன்னும் ஒரு பாட்டில் தண்ணீரைப் புகட்டினால் மூளை வீங்கும். இளநீர் கொடுத்தாலும் சரியாகாது, அதில் பொட்டாசியம்தான் தாராளம், சோடியம் குறைவு.

இதற்கு நம் அறிக்கையில் சொல்லே இல்லை. சோடியக் குறைவு என்றால் உப்பைக் கூட்டித் தின்றால் போதும், தண்ணீரை எவ்வளவும் குடிக்கலாம் என்று நினைப்பார்கள். காரணத்தைச் சொல்லுகிற பெயர் வேண்டும். நீரிழப்புக்கு நேர் எதிராக நீர்மிகை என்று வைக்கலாமா? உங்கள் கிறக்கத்தோடு சேர்க்க ஆசைப்பட்டு ‘தண்ணிக்கிறக்கம்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். சனிக்கிழமை ராத்திரி ரோட்டோரம் கிடப்பவர்களுக்கு அது ஏற்கெனவே பட்டா போட்ட சொல்.

———

அண்ணாச்சி, அக்கா, இருவருக்கும் நன்றி. நேற்று ராத்திரி முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். தோற்றுவிட்டேன், ஆனால் முழுசாக இல்லை.

கிறக்கம் அறிகுறிதான், ஒப்புக்கொள்கிறேன். வண்டியில் இருக்கிறவனால் அதை மட்டும்தான் சொல்லவும் முடியும். “கிறங்குது” என்று சொல்லத் தெரிந்தால் போதும், காரணம் கண்டுபிடிப்பது கூட வருகிறவன் வேலை. ஆக, கிறக்கம் பொதுச்சொல்லாக நிற்கட்டும். அதைக் கேட்டதும் கூட வருகிறவன் கேட்க வேண்டியவை இரண்டு: கடைசியாக எப்போது என்ன தின்றாய்? எவ்வளவு குடித்தாய், எத்தனை தடவை ஒன்றுக்குப் போனாய்? அந்தப் பதிலைப் பார்த்துத்தான் பசிக்கிறக்கமா, நீரிழப்பா, நீர்மிகையா என்று பெயர் வைக்க வேண்டும். நீர்மிகை அருமையான சொல், அக்கா. தண்ணீரை நிறுத்து என்று அதுவே சொல்லிவிடுகிறது.

பசி தெரியாதபோது பசிக்கிறக்கம் என்பது எப்படி என்று அண்ணாச்சி கேட்டார். காக்காய்வலிப்பில் காக்காய் எங்கே இருக்கிறது, அண்ணாச்சி? வயிறு சொல்லாத பசியைக் கால் சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிக்கைக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

“பசிக்கிறக்கம்: நீண்ட நேரம் மிதிக்கும்போது உடம்பில் சேர்த்து வைத்த மாவுச்சத்து தீர்ந்து, காலும் தலையும் ஓய்ந்துபோகும் நிலை. வயிற்றில் பசி தெரியாமலும் வரலாம். எரிச்சல், கணக்குத் தடுமாறுதல், திடீரென்று எல்லாம் வெறுத்துப்போதல் ஆகியவை முன்னோட்டம். வந்த பிறகு ஏறி மிதிக்காதீர்கள். இறங்கி உட்கார்ந்து, இனிப்பாக எதையாவது தின்று, கால் மணி நேரம் பொறுங்கள். வராமல் இருக்க, முதல் மணி நேரத்திலிருந்தே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு நடுத்தர வாழைப்பழத்தில் ஏறக்குறைய 25 கிராம்.”

இதில் ஒரு சிக்கல். மட்டிப்பழம் விரல் நீளம்தான், ஏத்தன் கை நீளம். இரண்டையும் ஒரே ‘வாழைப்பழம்’ என்று எழுதினால் கணக்கு பிசகும். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மட்டியை விட்டுவிட்டு ‘நடுத்தர வாழைப்பழம்’ என்று எழுதவும் மனசு வரவில்லை. மட்டி என்றால் மூன்று, ஏத்தன் என்றால் ஒன்று என்று போடட்டுமா?

கருப்பட்டியைச் சேர்க்க வேண்டும் என்று பத்துப் பேராவது கேட்டிருக்கிறீர்கள். சேர்த்துவிட்டேன், பாசத்துக்காக மட்டும் இல்லை. குளுக்கோஸை மட்டும் தின்றால் குடல் மணிக்கு 60 கிராமுக்கு மேல் உள்ளே விடாது. ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல் இருக்கிறது. கருப்பட்டியில் பெரும்பகுதி சுக்ரோஸ், அது உடைந்தால் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். இரண்டு வாசலிலும் ஆள் போவதால் பழகிய வயிறு 90 கிராம் வரை தாங்கும். முந்திரிக்கொத்தும் நல்லதுதான், ஆனால் எதிர்காற்றில் அதை மென்று முடிப்பதற்குள் தோவாளை வந்துவிடும்.

———

தம்பி, ஏற்றுக்கொண்டேன். காக்காயை நடுவில் இழுத்தது கொஞ்சம் போங்கு, இருந்தாலும் ஏற்றுக்கொண்டேன். ‘மாவுச்சத்து தீர்ந்து’ என்பதைவிட ‘வற்றி’ என்று போடுங்கள். குளத்து உவமை அறிக்கையில் இல்லாவிட்டாலும் அந்த ஒரு சொல்லில் இருக்கட்டும்.

———

ஒரே ஒரு வரி சேருங்கள். வாந்தி எடுத்தாலோ, பெயர் கேட்டால் மாற்றிச் சொன்னாலோ, எந்தக் கிறக்கம் என்று அங்கே நின்று யோசிக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிட வேண்டும். நீர்மிகையை ரத்தம் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். கூடவே, புறப்படும் முன்னும் திரும்பிய பின்னும் எடை பார்த்து எழுதி வைக்கச் சொல்லுங்கள். எடை கூடியிருந்தால் அடுத்த தடவை குறைத்துக் குடிக்க வேண்டும்.

மட்டி மூன்று சரி. என் கணக்கில் சின்ன மட்டி என்றால் நாலு.

———

சேர்த்துவிட்டேன், அக்கா. நாலு என்றே போட்டிருக்கிறேன். அச்சகத்துக்கு நாளைக் காலை போகிறது. அக்கானியை (பதநீரை) மணிக்கு எவ்வளவு குடிக்கலாம் என்று குலசேகரத்திலிருந்து வந்த கேள்விக்குத் தனி இழை தொடங்குங்கள். எலக்ட்ரோலைட்டுக்குப் பள்ளிப் புத்தகத்து மின்பகுளியே போதுமா, இல்லை உப்புச்சத்து என்றே எழுதிவிடலாமா என்பதையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம்.