மறு: கோயர்ஷன் – ‘வன்பணிப்பு’ சரிவருமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வரலாற்றுச் சொற்பட்டியலில் கோயர்ஷனுக்கு (coercion, ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகச் செய்யவைப்பது) ‘வற்புறுத்தல்’ என்று போட்டிருப்பதை மாற்றியே ஆக வேண்டும். கிளம்புகிறவரை இன்னும் கொஞ்சம் இருங்கள் என்பதும் வற்புறுத்தல்தான். தென் அமெரிக்காவில், இன்றைய பொலிவியாவில் உள்ள பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்தில் நடந்ததற்கும் அதே சொல்லா? 1570களில் ஸ்பானிய ஆளுநர் தொலேதோ அங்கே ‘மித்தா’ முறையைக் கொண்டுவந்தார். சுற்றுவட்ட மாவட்டங்களில் வயதுவந்த ஆண்களில் ஏழில் ஒரு பங்கினர் ஆண்டுதோறும் முறைவைத்து, சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருந்த அந்த ஊருக்கு வேலைக்குப் போக வேண்டும்.

சரி, ‘வன்முறை’ என்றே சொல்லிவிடலாமா? அதுவும் போதாது. ஆளைக் கட்டி இழுத்துப் போனது வரலாற்றின் ஒரு பாதி. ஆள் தானாக நடந்து வரும்படி செய்தது மறுபாதி. நம் பாடநூல்களில் விட்டுப்போவது இதுதான். ஆப்பிரிக்காவில் காலனி அரசுகள் போட்ட குடிசை வரியைப் பாருங்கள். வீட்டில் தானியம் இருக்கும், மாடு இருக்கும். அரசோ போகப்போகக் காசாகத்தான் கேட்டது. காசு புரள்வது வெள்ளையர் தோட்டத்திலும் சுரங்கத்திலும். கையைப் பிடித்து யாரும் இழுக்கவில்லை, ஆனாலும் போகாமல் இருக்க முடியாது. சியரா லியோனில் 1898இல் இந்த வரியை எதிர்த்துப் போரே மூண்டது.

‘நிர்ப்பந்தம்’ கிட்டத்தட்ட பொருந்துகிறது. ஆனால் மழை பொய்த்து ஊரை விட்டுப் போவதையும் நிர்ப்பந்தம் என்கிறோம். கோயர்ஷனில் ஆணையிடுகிற ஒருவர் கட்டாயம் உண்டு. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1930ஆம் ஆண்டு உடன்படிக்கை இதைச் சரியாகப் பிடிக்கிறது: தண்டனையைக் காட்டி வாங்கும் வேலை, தானாக முன்வந்து செய்யாத வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் கட்டாய உழைப்பு.

அதனால் ‘வன்பணிப்பு’ என்கிறேன். பணித்தல் என்றால் ஆணையிடுதல். பணிதலும் அதற்குள் ஒலிக்கிறது. வினையாக ‘வன்பணித்தார்கள்’ என்றும் எழுதலாம்.

——

வணக்கம் ஐயா. சொல் பிடித்திருக்கிறது, ஆனால் ‘வன்பணிப்பாளர்’ என்று மட்டும் போய்விடாதீர்கள். இலங்கையில் பணிப்பாளர் என்றால் டைரக்டர்! அப்புறம், கட்டாய ராணுவச் சேவையும் இதில் வருமா? நீங்கள் சொன்ன அதே உடன்படிக்கை அதற்கு விலக்கு தருகிறதே.

——

நல்ல எச்சரிக்கை அம்மா. ‘வன்பணிப்போர்’ என்று வைத்துக்கொள்வோம்.

ராணுவச் சேவையும் வரும் என்பதே என் கருத்து. விலக்கு சட்டத்துக்கு, வரலாறு எழுதுகிறவரை அது கட்டுப்படுத்தாது. 1793 ஆகஸ்டில் பிரெஞ்சுப் புரட்சி அரசு 18 முதல் 25 வயது வரையுள்ள மணமாகாத ஆண்களை முதலில் படைக்கு அழைத்தது. விடுதலையின் பெயரால்தான் அழைத்தது. ஆசையோடு போனவர்கள் உண்டு. ஒளிந்துகொண்டு தேடப்பட்டவர்களும் ஏராளம். அந்த இரண்டாமவர்களுக்கு நடந்ததை வன்பணிப்பு என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. வேறு யாருக்காவது மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், பட்டியலில் ஏற்றுவதற்கு முன் பேசிவிடலாம்.