கொல்லிமலை இறக்கத்தில் பிரேக் மெத்தென்று ஆவது ஏன்?

கேள்வி:
சோளக்காட்டிலிருந்து காரவள்ளிக்கு 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது, பாதிக்கு மேல் கருகல் வாடை வந்தது. பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போனது. அரை மணி நேரம் நிறுத்தியதும் சரியாகிவிட்டது. வண்டி பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர். பேட் புதுசு. மூன்றாம் கியரில்தான் இறங்கினேன். என்ன கோளாறு?

பதில் 1:
மூன்றாம் கியர்தான் கோளாறு. ஏறும்போது எந்த கியர் தேவைப்பட்டதோ, இறங்கும்போதும் அதே கியர். அங்கே பெரும்பாலும் இரண்டு, நெருக்கமான வளைவில் ஒன்று. என்ஜின் சத்தம் கூடும், 3000 ஆர்பிஎம் தாண்டும், அதற்குப் பயந்து கியரை ஏற்றாதீங்க. வளைவுக்கு முன்னால், நேர் ரோட்டிலேயே அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, பெடலிலிருந்து காலை முழுசாக எடுத்துவிடுங்க. அந்த இடைவெளியில்தான் பிரேக் டிஸ்க் ஆறும். லேசாக மிதித்தபடியே வந்தால் ஆறவே ஆறாது.

நியூட்ரல் வேண்டவே வேண்டாம். கியரில் இருந்து ஆக்ஸிலேட்டரை விட்டால் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில் ஐடிலுக்குக் குடிக்கும். என்ஜினை அணைத்தால் பிரேக் மிதிக்க உதவும் பூஸ்டர் போகும், ஸ்டியரிங்கும் கல்லாகும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆனால் பெடல் மெத்தென்று போனது என்றால் பிரேக் ஆயிலையும் பார்க்கணும். பேட் மட்டும் சூடேறினால் பெடல் கெட்டியாகவே இருக்கும், வண்டிதான் நிற்காது. மெத்தென்று இறங்கினால் ஆயில் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. டாட் 4 ஆயில் புதுசில் 230 டிகிரி வரை தாங்கணும். ஈரம் இழுத்துப் பழசானால் அந்த வரம்பு 155-க்கு இறங்கிவிடும். பேட் மாற்றும்போது ஆயிலை யாரும் மாற்றுவதில்லை, அதுதான் பிரச்சினை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றி, நாலு சக்கரத்தின் பிரேக் குழாயிலும் காற்று எடுக்கச் சொல்லுங்க.

வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, ரிவர்ஸ் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்க. தண்ணீர் ஊற்றாதீங்க, டிஸ்க் கோணிக்கொள்ளும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு சாண் தள்ளிக் கையை வைத்துப் பாருங்க. முன் சக்கரம் இரண்டில் ஒன்று மட்டும் அனலாக அடித்தால், அந்தப் பக்கம் பேடை அழுத்தும் காலிப்பர் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். கிளம்பும்போது கல்லை எடுக்க மறக்காதீங்க, பின்னால் வருகிற பைக்காரர் அதில்தான் விழுவார்.

கேள்வி கேட்டவர்:
ஆயில் மாற்றி நாலு வருஷம். அப்போ அதுவும் காரணம்தான். நன்றிங்க. ஏஎம்டி (தானாகக் கியர் மாற்றும்) வண்டிக்கும் இதேதானா?

பதில் 1:
ஆமாங்க. டிரைவில் விட்டால் இறக்கத்தில் தானாகக் கியர் ஏறிவிடலாம். மேனுவல் மோடுக்கு மாற்றி இரண்டில் பிடித்துவையுங்க. பஸ் எதிரே ஏறி வந்தால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்க. திரும்ப அதற்கு ரோடு முழுசும் வேணும், குறுகலான மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி.