ட்ரொண்ட்ஹைம் பாட்டியின் "சூட"

நார்வேஜிய மொழித் தேர்வில் தேறிய கையோடு, நார்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகரத்துப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரம் பெரியவர்கள் பேசியதில் பாதி புரியவில்லை. "நான்" என்பதற்கு வகுப்பில் "யெய்" என்று படித்திருந்தேன். இவர்களுக்கோ வாயை அகலத் திறந்து சொல்லும் ஒற்றை உயிர்தான், "ஆப்பிள்" என்பதை ஆங்கிலேயர் தொடங்குவார்களே, அந்த ஒலி.

பிப்ரவரியில் ஒருநாள் காலை, திரைச்சீலையை விலக்கியதும் ஒரு பாட்டி "சூட!" என்றார். என் காதில் விழுந்தது நம்ம "சூடு"தான். ஹீட்டரைக் குறைக்கப் போனேன். அவர் தலையாட்டி வானத்தைக் காட்டினார். சூரியன்! நான் படித்தது "சூலா". எழுதுவது "ல", நாக்கு செய்வது வேறு. நார்வேக்காரர்கள் இதைத் "தடித்த எல்" என்கிறார்கள்.

அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முயன்று பார்த்தேன். ள போட்டேன், இல்லை என்றார். ழ, அதுவும் இல்லை. அப்புறம்தான் பிடிபட்டது: "படம்", "பாடு" என்று சொல்லும்போது நாக்குநுனி மேலே வளைந்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு இறங்குமே, கிட்டத்தட்ட அந்த ட! பாட்டி கைதட்டினார். புத்தகத்தில் "பூர்" என்று படித்த மேசையும் அவர் வாயில் "பூட்"தான். "ஆண்" என்பதற்கான "மன்" என்ற சொல்லை "மஞ்" என்கிறார். ஞ நமக்குப் பழக்கம்தானே.

பேச்சின் ராகம்தான் கஷ்டம். "எறி" என்பதற்கான "கஸ்தெ"யை வால் வெட்டி "கஸ்த்" என்பார்கள். ஆனால் வெட்டுப்பட்ட உயிரின் ஏற்ற இறக்கம் போகாது, மிச்சமுள்ள ஒரே அசையில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

—

அக்கா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் நார்வேயிலேயே பேர்கன் நகரத்தில் இருக்கிறேன். இங்கே உங்கள் பாட்டியின் ட கிடையாது. குழந்தையைக் குறிக்கும் "பார்ன்" என்ற சொல்லை நீங்கள் "பாண்" என்பீர்கள். இங்கே ர் தொண்டையில் உரசி வரும், ன் தனியாக நிற்கும். ட, ண தெரிந்த நாக்குக்கு இந்த ஊரில் வேலையே இல்லை. என் மகள் இங்கேயே பிறந்தவள். "மரம்" என்று சொன்னால்கூட ர தொண்டையிலிருந்துதான் வருகிறது. திருத்தலாமா, விட்டுவிடலாமா என்று தெரியவில்லை.

—

திருத்த வேண்டாம் தம்பி. அது அவள் ஊர் ர. நம்ம ர-வை நீங்கள் பேசப் பேசக் கேட்டுக்கொள்வாள். இந்தப் பாட்டியின் பேரப்பிள்ளைகள் வந்தால் "சூலா" என்றுதான் சொல்கிறார்கள். அதனால் காலையில் திரையை விலக்கும்போது நான் "சூட" என்றே சொல்கிறேன்.