பிறரை வெல்லவைக்கும் சைக்கிளோட்டிக்கு ஒரு தொழில்வாழ்க்கை உண்டா?

கேள்வி: தெம்பனிஸ்வாசி

அனைவருக்கும் வணக்கம். தேசிய சேவையை முடித்த என் மகன் சாலைச் சைக்கிளோட்டத்தையே தொழிலாகக் கொள்ள விரும்புகிறான். அண்மையில் மலேசியாவில் நடந்த ஒரு பந்தயத்தில் அவன் குழுவின் தலைவர் இரண்டாவதாக வந்தார்; இவன் பெயரோ 68ஆம் இடத்தில் இருந்தது. இருந்தும், நல்ல துணை ஓட்டுநராக வருவான் என்று பயிற்றுநர் அவனைப் பாராட்டுகிறார். பிறருக்காகவே உழைப்பவருக்கு ஐரோப்பாவில் உண்மையிலேயே பிழைப்பு உண்டா?

மறுமொழி: விடியல் ஓட்டுநர்

வணக்கம் அக்கா. நான் ஞாயிறுதோறும் தானா மேரா கோஸ்ட் ரோட்டில் நண்பர்களோடு ஓட்டுபவன். அங்கே எதிர்காற்று வீசினால் முன்னால் செல்பவரின் கால்கள் சில நிமிடங்களிலேயே கனத்துவிடும். அவர் சக்கரத்தை ஒட்டி வருபவரோ பேசிக்கொண்டே வரலாம், ஏனெனில் அவருக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகிறது. கடைசி மலை வரும்வரை தலைவருக்கு அந்த மிச்சத்தைச் சேர்த்துக் கொடுப்பவரைத்தான் பிரெஞ்சு மொழியில் ‘டொமெஸ்டீக்’, அதாவது வேலைக்காரர், என்கிறார்கள். அவர் குழுவின் காரிடம் பின்தங்கிச் சென்று, அரை லிட்டர் போத்தல்கள் எட்டைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, அந்த நான்கு கிலோ சுமையோடு கூட்டத்தைக் கடந்து மீண்டும் முன்னால் வரவேண்டும். 68ஆம் இடம் எப்படி வந்தது என்று தம்பியிடமே கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி: காலாங் ரசிகன்

நாளுக்கு ஒரு கட்டமாக மூன்று வாரம் நடக்கும் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தின் 2024ஆம் ஆண்டு முதல் நாளில், புளோரன்சிலிருந்து ரிமினிக்குச் செல்லும் வழியில் பிரிட்டிஷ் வேக ஓட்டுநர் மார்க் கேவண்டிஷ் வெயில் தாங்காமல் வாந்தியெடுத்துப் பின்தங்கினார். அவருடைய குழுவினர் தம் இடங்களை விட்டுவிட்டு அவரோடு நின்று, தண்ணீர் ஊற்றி, கால வரம்புக்குள் கரைசேர்த்தார்கள். நான்கு நாட்கள் கழித்து அவர் தம் 35ஆவது கட்ட வெற்றியைப் பெற்று, பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸின் 34 கட்ட வெற்றிச் சாதனையைக் கடந்தார். அதே ஆண்டு நவம்பரில் நம் சிங்கப்பூரில்தான் அவர் தம் கடைசிப் பந்தயத்தை வென்று விடைபெற்றார். முதல் நாள் அந்த நண்பர்கள் இல்லையென்றால் அந்த 35 ஏது?

மறுமொழி: கணக்கர்

மேலே சொன்னவை சரியே என்றாலும், தாயிடம் இடர்களையும் மறைக்கக்கூடாது. உலகத் தரவரிசைப் புள்ளிகள் முன்னணியில் முடிப்பவர்களுக்கே கிடைப்பதால், துணை ஓட்டுநர் ஒப்பந்தம் பேசும்போது அவர் கையில் காட்டுவதற்கு எண் இருக்காது. தலைவரும் குழு இயக்குநரும் சொல்லும் நல்ல வார்த்தையே அவருடைய சான்றிதழ். ஒப்பந்தமும் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளுக்கே. ஆனால் டூர் வெற்றியாளரின் 5,00,000 யூரோ பரிசைக் குழுவினர் பகிர்ந்துகொள்வது பழைய மரபு. அமெரிக்கத் துணை ஓட்டுநர் செப் கஸ் 2023இல் தம் குழுத் தலைவர்களான ரோக்லிச் ஜிரோவையும் (இத்தாலியின் மூன்று வாரப் பந்தயம்) விங்கேகோர் டூரையும் வெல்ல உழைத்துவிட்டு, அதே ஆண்டு ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டாவைத் தாமே வென்றார். அந்த இருவரும் அதில் அவருக்குப் பின்னால் வந்தார்கள். இது மிக அரிது, இதை நம்பி மகனை அனுப்பாதீர்கள். துணை வேலையே அவனுக்குப் பிடித்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

தெம்பனிஸ்வாசி

நேற்றிரவு கேட்டேன். தலைவரின் முன்சக்கரம் காற்றிறங்கியபோது தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கார் வரும்வரை செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் நின்றிருக்கிறான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் வருத்தமே இல்லை. ஒப்பந்தம் ஏதும் வந்தால், கணக்கர் ஐயா, உங்களிடம்தான் முதலில் வருவேன்.