விற்ற கண்ணாடி மணி வீட்டுக்குப் போய் விரிசல் விடுகிறது, என்ன செய்வது?

திருநகர் மாடி:
வணக்கம். மதுரை திருநகரில் வீட்டு மாடியில் கேஸ் டார்ச் தீயில் கண்ணாடிக் குச்சியை உருக்கி, கம்பியில் சுற்றி மணி செய்கிறேன், ஒன்றரை வருடம் ஆகிறது. சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் ஒரு கடைக்கு 40 ஜோடி தொங்கட்டான் கொடுத்தேன். விற்றதில் 11 ஜோடி திரும்பி வந்துவிட்டது. செய்து முடித்த அன்று தட்டிப் பார்த்தால்கூட ஒன்றும் ஆகாது, இரண்டு வாரம் கழித்துத் துளையைச் சுற்றி முடி போல ஒரு கோடு ஓடுகிறது. ஒரு அக்கா காதில் போட்டிருக்கும்போதே பாதி மணி உடைந்து விழுந்திருக்கிறது, கேட்டதிலிருந்து தூக்கமே இல்லை. மாடித் தோட்டத்துக்கு வாங்கிய வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகளைச் சூடாக்கி அதில்தான் புதைத்து ஆற வைக்கிறேன். குச்சி உத்தரப்பிரதேசத்திலிருந்து வருகிறது, பச்சைக்கு மட்டும் பழைய பாட்டிலை உடைத்துச் சேர்ப்பேன். மின்சாரச் சூளை வாங்காமல் சமாளிக்க முடியுமா? கடையில் ஜோடி 120 ரூபாய்க்கு மேல் தர மாட்டேன் என்கிறார்கள், அதற்கும் வழி சொல்லுங்கள்.

பழைய ஆய்வகக்காரர்:
முடியாதும்மா. கல்லூரி ஆய்வகத்துக்குக் கண்ணாடிக் குழாய் ஊதியே காலம் போனவன், அதனால் சொல்கிறேன். மணியின் மேல்தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே இருப்பது பிறகுதான் இறுகும். அந்த இழுவிசை உள்ளேயே தங்கிவிடுகிறது, ஒரு நாள் வெயிலோ சின்ன அடியோ பட்டால் விட்டுப் போகும். வெர்மிகுலைட் ஆறுவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான், இழுவிசையை எடுக்காது. மென்கண்ணாடியை, அதாவது குறைந்த சூட்டிலேயே இளகும் கண்ணாடியை, சூளையில் ஏறத்தாழ 500 முதல் 520 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, அப்புறம் நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் 370 வரை இறக்கி, அணைத்துவிட்டு மூடியபடியே ஆற விடுங்கள். நடுவில் மின்சாரம் போனால் கதவைத் திறக்காதீர்கள், மறுநாள் முதலிலிருந்து ஏற்றலாம். தினமும் சூளை போட வேண்டியதும் இல்லை. ஒரு வாரத்து மணிகளைச் சேர்த்து, அறைச் சூட்டிலிருந்து மெதுவாக ஏற்றினால் போதும்.

கையில் இருப்பதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. லேப்டாப் திரையை வெள்ளையாக வைத்து, போலராய்டு கூலிங் கிளாஸைத் திரை கறுத்துத் தெரியும் வரை திருப்பி, இடையில் மணியைப் பிடியுங்கள். துளையோரம் பளீரென்று வெளிச்சம் தெரிந்தால் அந்த மணியில் இழுவிசை இருக்கிறது. ஒளி ஊடுருவும் நிறங்களுக்குத்தான் இது பலிக்கும்.

மணிக்காரி:
ஐயா சொன்னது சரி, ஆனால் தங்கச்சி, பாட்டிலை விடாவிட்டால் சூளையும் காப்பாற்றாது. இரண்டு கண்ணாடியும் ஆறும்போது ஒரே அளவு சுருங்க வேண்டும். குச்சி நுனியையும் பாட்டில் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உருக்கி ஒட்டி, இடுக்கியால் நூல் மாதிரி இழுத்துப் பாருங்கள். ஆறியதும் நூல் நேராக நின்றால் சேரும். வில்லாக வளைந்தால் அந்த இரண்டையும் சேர்க்க வேண்டாம். நான் ஒவ்வொரு புதுக் கட்டுக் குச்சிக்கும் இதைச் செய்துவிட்டுத்தான் டார்ச் பற்றவைப்பேன். கம்பியிலிருந்து கழற்றித் துளையைச் சுரண்டும்போது தண்ணீருக்குள் வைத்தே சுரண்டுங்கள், மணி ஒட்டாமலிருக்கக் கம்பியில் தடவும் பூச்சின் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது. வியாபாரம் என்றான பிறகு வீட்டு சிலிண்டரும் கூடாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான்.

மாசி வீதி:
விலை விஷயம் மட்டும் சொல்கிறேன். 120 ரூபாய் என்பது அச்சில் வார்த்த மணிக்கான விலை. கடைக்காரர் கண்ணுக்கு உங்களுடையதும் அதுவும் ஒன்றுதான், அதனால் கடையை நம்பாமல் நேராக விற்றுப் பாருங்கள், தீயில் சுற்றுவதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்துப் போட்டாலே வாங்குகிறவர்களுக்குப் புரியும். கீழடி அருங்காட்சியகத்தில் கண்ணாடி மணிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஆசையாகக் கேட்பார்கள், ஆனால் 'கீழடி மணி' என்று பெயர் வைத்து விற்காதீர்கள். அந்தக் காலத்தில் புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் செய்த சிறு மணிகள் பெரும்பாலும் கண்ணாடியைக் குழலாக இழுத்து நறுக்கியவை. நீங்கள் செய்வது கம்பியில் சுற்றுகிற வேலை, அது வேறு. அதையே சொல்லி விற்கலாம்.

திருநகர் மாடி:
இப்போதுதான் நூல் இழுத்துப் பார்த்தேன் அக்கா. பச்சை நன்றாகவே வளைந்துவிட்டது. கடையில் விற்காமல் இருக்கும் 14 ஜோடியை நாளைக் காலையே திரும்ப வாங்கிவிடுகிறேன். ஐயா, சின்னச் சூளைக்கு வீட்டு ஒற்றை பேஸ் மின்சாரம் தாங்குமா?

பழைய ஆய்வகக்காரர்:
2 கிலோவாட்டுக்குள் இருந்தால் தாங்கும். 16 ஆம்பியர் பிளக்கில் தனி லைன் இழுத்துக் கொள்ளுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்த்த பிறகு போடுங்கள்.