புளோரிடாவில் பழைய ஃபெலனி (கடுங்குற்ற) வழக்கு: ஓட்டுரிமை தானாகத் திரும்புமா?

கேள்வி (ஈசன்_டாம்பா):
உறவினர் ஒருவர், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். 2011-ல் டாம்பாவில் கிராண்ட் தெஃப்ட் (பெருந்திருட்டு) வழக்கு, மூன்றாம் நிலை ஃபெலனி. ஜெயில் இல்லை, மூன்று வருஷம் புரொபேஷன் (சிறைக்கு வெளியே கண்காணிப்பு), 2014-ல் முடிந்தது. கோர்ட் கிளார்க் தளத்தில் இன்னும் 612 டாலர் பாக்கி காட்டுகிறது. "2018-லேயே சட்டம் மாறியாச்சு, பதிவு பண்ணிடு" என்கிறார்கள் நண்பர்கள். பண்ணலாமா? ஜூரி, துப்பாக்கி உரிமையும் சேர்ந்தே வந்துவிடுமா?

கணியன்:
முதலில் தீர்ப்பு நகலை வாங்கிப் பாருங்கள். அதில் "அட்ஜுடிகேஷன் வித்ஹெல்ட்" (குற்றவாளி என்ற தீர்ப்பு நிறுத்திவைப்பு) என்ற கட்டத்தில் டிக் இருந்தால் அது கன்விக்‌ஷனே (குற்றத் தீர்ப்பே) இல்லை. ஓட்டுரிமை போகவே இல்லை. புரொபேஷனோடு முடிந்த வழக்குகளில் இது நிறைய உண்டு. பலர் தெரியாமலேயே வருஷக்கணக்கில் ஓட்டுப் போடாமல் இருப்பார்கள்.

"அட்ஜுடிகேட்டட் கில்டி" (குற்றவாளி எனத் தீர்ப்பு) என்றிருந்தால்தான் உங்கள் நண்பர்கள் சொல்லும் 2018 புளோரிடா அரசியலமைப்புத் திருத்தம் பொருந்தும். தண்டனையின் எல்லாப் பகுதியும் முடிந்தால் ஓட்டுரிமை தானாக வரும். கொலை, ஃபெலனி பாலியல் குற்றம் இரண்டும் விலக்கு. பிரச்சினை, 2019-ல் வந்த எஸ்.பி. 7066 என்ற மாநிலச் சட்டம். அபராதம், கட்டணம், நஷ்டஈடு கட்டி முடிப்பதும் தண்டனையின் பகுதி என்கிறது அது. 2020-ல் பதினோராவது சர்க்யூட் என்ற கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது செல்லும் என்றுவிட்டது.

மீனா_ஆர்லாண்டோ:
அந்த 612-ஐ அப்படியே நம்பாதீர்கள். கணக்கில் வருவது தண்டனை ஆணையில் எழுதிய தொகை மட்டும். பிறகு ஏறிய வட்டியும், கலெக்‌ஷன் ஏஜென்சி போடும் கட்டணமும் (40 சதவீதம் வரை போடலாம்) ஓட்டுரிமைக்குக் கணக்கில்லை. நஷ்டஈட்டைப் புரொபேஷன் அதிகாரி வழியாகக் கட்டியிருந்தால் கிளார்க் தளத்தில் தெரியாமலும் போகும். புரொபேஷனைக் கவனிக்கும் சிறைத்துறையிடம் கட்டண வரலாறு கேளுங்கள். நிஜமாகவே பாக்கி இருந்து கட்ட முடியாவிட்டால், அதைச் சமூக சேவை மணிநேரமாக மாற்றச் சொல்லி அதே கோர்ட்டில் மனுப் போடலாம். பாக்கியைச் சிவில் லீனாக (சிவில் கடன் பொறுப்பாக) மாற்றியிருந்தால் மட்டும் தீர்ந்ததாகாது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

வாக்காளர் அட்டை வந்துவிட்டதே தகுதிக்குச் சான்று என்றும் நினைக்க வேண்டாம். படிவத்தில் கையெழுத்துப் போடுவது சத்தியப் பிரமாணம், சரிபார்ப்பு பிறகுதான். 2022 ஆகஸ்டில் தகுதியில்லாமல் ஓட்டுப் போட்டதாக 20 பேர் கைதானார்கள்; அட்டை கையில் இருந்தவர்களும் அதில் உண்டு. சந்தேகமிருந்தால் மாநிலத் தேர்தல் பிரிவிடம் எழுத்துமூல ஆலோசனைக் கருத்து கேளுங்கள். உண்மைகளை மறைக்காமல் கேட்டு, பதிலை நம்பி நடந்தால் குற்ற நடவடிக்கையிலிருந்து பாதுகாப்பு உண்டு. பதிவு தேர்தலுக்கு 29 நாள் முன்பே மூடிவிடும், அதற்கேற்ப முன்கூட்டியே அனுப்புங்கள்.

கணியன்:
ஜூரி, அரசுப் பதவி, துப்பாக்கி மூன்றும் 2018 திருத்தத்தில் இல்லை. கிளெமன்சி போர்டுக்கு (கவர்னரும் கேபினட்டும் அடங்கிய மன்னிப்பு வாரியம்) தனி மனு போட வேண்டும், கட்டணம் கிடையாது. ஒவ்வொரு ஃபெலனிக்கும் குற்றச்சாட்டுப் பத்திரம், தீர்ப்பு, தண்டனை ஆணை மூன்றின் சான்றிட்ட நகல் சேர்க்க வேண்டும். நகல் குறைந்தால் மனு அப்படியே நின்றுவிடும். கவர்னரும் கேபினட்டில் குறைந்தது இருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். துப்பாக்கிக்குத் தண்டனை முடிந்து 8 வருஷம் ஆகியிருக்க வேண்டும்; உங்கள் உறவினருக்கு 2014 என்பதால் அது தாண்டிவிட்டது, பணப் பாக்கி இல்லாமல் இருந்தால்.

ஈசன்_டாம்பா:
நன்றி. அவருக்கு 2005-ல் நியூ ஜெர்சியிலும் ஒரு ஃபெலனி உண்டு. அது தடையா?

மீனா_ஆர்லாண்டோ:
வெளிமாநில வழக்கில் தண்டித்த மாநிலத்தின் விதியைத்தான் புளோரிடா பார்க்கும். நியூ ஜெர்சியில் சிறைக்குள் இருந்தால் மட்டுமே ஓட்டில்லை, 2020 முதல் புரொபேஷனில் இருப்பவர்களும் போடலாம். ஆக அது தடையில்லை. நியூயார்க்கில் தண்டிக்கப்பட்ட டிரம்ப் 2024 நவம்பரில் பாம் பீச்சில் ஓட்டுப் போட்டதும் இதே விதியால்தான்.

பச்சை அட்டைக்காரர்கள் (குடியுரிமை இல்லாத நிரந்தரக் குடியிருப்பாளர்கள்) யாரும் இந்த இழையைப் படித்துவிட்டுப் படிவத்தைத் தொட வேண்டாம். குடியுரிமை இல்லாமல் ஓட்டுப் போட்டால், வழக்கு எதுவுமே இல்லாதவரையும் நாட்டைவிட்டு அனுப்பலாம்.